தணலன் கேட்க மறந்தது

தூத்துக்குடியில் ஒரு வீட்டுக் கூடம். அங்கே ஒரு கண்ணாடித் தொட்டி. அந்தத் தொட்டிக்குள் தணலன் என்ற ஆஸ்கர் மீன் ராஜாவாக வாழ்ந்துவந்தான்.

கரி போல உடம்பு. அதில் ஆங்காங்கே செம்மஞ்சள் திட்டுகள். அதனால்தான் அந்தப் பெயர். கோபம் வந்தால் திட்டுகள் இன்னும் சிவக்கும். கோபமோ அடிக்கடி வரும்.

தொட்டி ரொம்பப் பெரியதும் இல்லை, ரொம்பச் சிறியதும் இல்லை. நடுத்தரம். உள்ளே இருந்தவர்களுக்கு அதுதான் உலகம்.

தணலனோடு வெள்ளித்தட்டு மீன்களின் கூட்டம் ஒன்று இருந்தது. ஒன்று வலப்புறம் திரும்பினால் எல்லாம் வலப்புறம் திரும்பும். ஒன்று "ஆமா" என்றால் எல்லாம் "ஆமா, ஆமா" என்னும். அவற்றுக்குத் தலைவி பளிச்சி. அப்புறம் பாசியப்பன் இருந்தான். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்பது அவன் தொழில். விரல் நீளத்தோடு வளர்ச்சி நின்றுவிட்டது. பேச வேண்டுமென்றால் வாயைக் கண்ணாடியிலிருந்து எடுக்க வேண்டும் என்பதால், அதிகம் பேசமாட்டான்.

வீட்டுக்காரர் இருதயராஜ். அவர் மனைவி பிலோமி. புது மீன் வாங்கி வந்தால் இருதயராஜ் அதை உடனே தொட்டிக்குள் விடமாட்டார். பாலிதீன் பையோடு தண்ணீரில் மிதக்கவிடுவார். பைத் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரவேண்டுமாம். இது மனிதர்கள் கண்டுபிடித்த காரணம்.

மீன்களைக் கேட்டால் வேறு காரணம் சொல்லும். பை மிதக்கும் நேரம் விசாரணை நேரம்! பெண் பார்க்கப் போன வீட்டில் கேட்பது போல, பையைச் சுற்றி நின்று கேள்விமேல் கேள்வி கேட்பார்கள். உள்ளே இருப்பவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். பைக்குள் இருந்து எங்கே ஓடுவது?

பதில் பிடிக்காவிட்டால் தணலன் பையை மூக்கால் முட்டுவான். இருதயராஜ் காபித் தம்ளரோடு உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். தணலன் முட்டினால் பை கடைக்குத் திரும்பிப் போகும். முட்டாவிட்டால் முடிச்சை அவிழ்ப்பார். ஆக, அந்தத் தொட்டிக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பது தணலனின் மூக்கில் இருந்தது.

அந்த மூக்குக்குச் சொந்தக்காரனுக்கு ஒரு குறை. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. வெள்ளித்தட்டுகள் தங்களுக்குள்ளேதான் பேசும். பாசியப்பனிடம் ஒன்று சொன்னால், மறுநாள் பதில் வந்தாலும் வரும், வராமலும் போகும். தணலன் கண்ணாடியில் தெரிந்த தன் நிழலோடு பேசிக்கொண்டிருந்தான்.

பிலோமி அதைக் கவனித்தாள். "ஏங்க, தனியாக் கிடந்து கிறுக்குப் பிடிச்ச மாதிரி நிக்கான் பாருங்க. துணைக்கு ஒண்ணு வாங்கிப் போடுங்க" என்றாள்.

மறு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வரும் வழியிலேயே இருதயராஜ் ஒரு பையோடு வந்தார்.

பைக்குள் கறுப்பு வரிகள் போட்ட ஒரு மீன். பெயர் வரிச்சி. துடுப்பு ஒரு பக்கம் கிழிந்திருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை.

"துடுப்பு ஏன் கிழிஞ்சிருக்கு?" என்று பளிச்சி கேட்டாள்.

"கடையில ஒருத்தன் கடிச்சான்."

"நீ என்ன செஞ்ச?"

"நானும் கடிச்சேன்."

வெள்ளித்தட்டுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் பின்னால் போயின.

தணலன் முன்னால் வந்தான். "இங்க வந்தா எப்படி இருப்ப?"

"அந்தா, உடைஞ்ச பூந்தொட்டி கிடக்குல்லா, அந்த மூலை எனக்கு வேணும். அங்க யாராவது வந்தா விரட்டுவேன். வராட்டா நான் பாட்டுக்கு இருப்பேன். உங்க யாரு சோலிக்கும் வரமாட்டேன்."

அந்த மூலைக்குத் தணலன் போனதே கிடையாது. பூந்தொட்டி அங்கே கிடப்பதுகூட அவள் சொல்லித்தான் ஞாபகம் வந்தது. ஆனாலும் சுருக்கென்று தைத்துவிட்டது.

"பைக்குள்ள கிடக்கும்போதே பாகம் பிரிக்கியா?" என்று சீறினான். திட்டுகள் சிவந்தன. முட்டினான். இன்னொரு முட்டு!

"இவனுக்குப் பிடிக்கல" என்றார் இருதயராஜ். பையைத் தூக்கிவிட்டார்.

பை மேலே போகும்போது வரிச்சி கீழே பார்த்தாள். "உள்ளதைச் சொன்னேன். அது தப்பாப் போச்சு!" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் இன்னொரு பை வந்தது.

இந்தத் தடவை உள்ளே இருந்தவள் மின்னி. விரல் நீளம்கூட இல்லை. பக்கவாட்டில் வெள்ளி மினுமினுத்தது. கடைக்காரர் அவளை "ஷார்க்" என்று சொல்லி விற்றிருந்தார். ஆனால் அவளுக்கும் சுறாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கெளுத்திச் சாதிதான். மேல்துடுப்பு மட்டும் சுறா மாதிரி நிமிர்ந்திருக்கும்.

"உனக்குப் பல்லு இருக்கா?" என்று பளிச்சி ஆரம்பித்தாள்.

"இருக்கான்னே தெரியாதுக்கா. யாரையும் கடிச்சுப் பாத்ததில்ல."

"அக்கான்னு சொல்லுதா! கேட்டீங்களா?" என்று வெள்ளித்தட்டுகள் பூரித்தன.

பாசியப்பன் அதிசயமாக வாயைக் கண்ணாடியிலிருந்து எடுத்தான். "பாசி திம்பியா?"

"உங்க பங்குல நான் வாய் வைக்கமாட்டேன், மாமா."

பாசியப்பன் திருப்தியோடு மறுபடி ஒட்டிக்கொண்டான்.

தணலன் கடைசியாகக் கேட்டான். "உனக்கு எந்த இடம் வேணும்?"

மின்னி மீசையை மெல்ல ஆட்டினாள். "நீங்க எங்க இருக்கச் சொல்லுதீகளோ அங்க இருந்துக்கிடுதேன், அண்ணாச்சி. மிச்சம் மீதி இருந்தா சாப்பிட்டுக்கிடுதேன். எனக்குன்னு ஒண்ணும் வேண்டாம்."

இதற்குமேல் என்ன வேண்டும்? தணலனுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. முட்டவில்லை. வாலை ஆட்டினான்.

"பிலோமி, இங்க வந்து பாரு! வாலை ஆட்டிக்கிட்டுல்லா நிக்கான்!"

"அப்ப விடுங்க. பாவம், அவனுக்கும் ஒரு துணை ஆச்சு."

முடிச்சு அவிழ்ந்தது. மின்னி உள்ளே வந்தாள்.

கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டதாகத் தொட்டியில் எல்லோருக்கும் நினைப்பு. பல்லைக் கேட்டார்கள். குணத்தைக் கேட்டார்கள். பாசியைக்கூட விடவில்லை. ஒன்றே ஒன்றை விட்டுவிட்டார்கள். அது என்னவென்று நான் இப்போது சொல்லப்போவதில்லை. அவர்களே மெதுவாகத்தான் தெரிந்துகொண்டார்கள்.

முதலில் வந்ததெல்லாம் நல்ல நாட்கள். தணலன் போகும் இடமெல்லாம் மின்னி பின்னாலேயே போனாள். குமிழி விடும் கல், தண்ணீரை உறிஞ்சும் குழாய், மூடியில் சாப்பாடு விழும் இடம் என்று எல்லாவற்றையும் அவன் சுற்றிக் காட்டினான். ஏதோ தானே கட்டிய அரண்மனை என்பது போலக் காட்டினான். அவளும் ஒவ்வொன்றுக்கும் வாய் பிளந்தாள்.

"நீ பொறந்த இடம் எப்படி இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டான்.

"பெரிய குளம், அண்ணாச்சி. இந்தக் கரையில நின்னா அந்தக் கரை தெரியாது. கண்ணாடியே கிடையாது."

தணலன் விழுந்து விழுந்து சிரித்தான். "கண்ணாடி இல்லாட்டா தண்ணி எப்படி நிக்கும்? கீழே கொட்டிராதா? யாருகிட்ட கதை விடுத?"

மின்னி யோசித்தாள். "தெரியல, அண்ணாச்சி. ஆனா நின்னுச்சு."

அவளோடு பேசத் தொடங்கிய பிறகு தணலன் கண்ணாடியில் தெரியும் நிழலோடு பேசுவதை விட்டுவிட்டான். கோபமும் குறைந்தது. தனக்குக் கிடைத்த சாப்பாட்டு உருண்டையில் ஒன்றை அவளுக்காகத் தள்ளிவிடப் பழகினான். வெள்ளித்தட்டுகளால் நம்பவே முடியவில்லை.

மாதங்கள் போயின. மின்னி வளர்ந்தாள்.

ஆரம்பத்தில் அது வேடிக்கையாக இருந்தது. "என் நீளம் வந்துட்டியே!" என்றான் தணலன். "என்னைத் தாண்டிட்டியே!" என்று பிறகு சொன்னான். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

அவள் திரும்பினால் தொட்டியில் அலை எழும்பியது. வால் பட்டுப் பூந்தொட்டி உருண்டது. வெள்ளித்தட்டுகள் சிதறின. பாசியப்பன் கண்ணாடியிலிருந்து உரிந்து தொப்பென்று மணலில் விழுந்தான். ஒவ்வொரு தடவையும் மின்னி கூசிக் குறுகி, "மன்னிச்சிருங்க! மன்னிச்சிருங்க!" என்றாள். மன்னிப்புக் கேட்கத் திரும்பும்போது இன்னொரு பொருள் உருண்டது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை பிலோமியின் குக்கர். விசில் அடித்தால் போதும், மின்னி வெலவெலத்துப் போவாள். பயந்தால் பாய்வது அவள் சாதியின் பழக்கம். குளமாக இருந்தால் பாய்ந்து ஓடி, தூரத்தில் போய் நின்று மூச்சு வாங்கலாம். இங்கே எங்கே ஓடுவது? பாய்ந்த வேகத்தில் கண்ணாடியில் மோதுவாள். அந்த வீட்டிலோ சோற்றுக்கும் விசில், பருப்புக்கும் விசில். அவள் மூக்கு எப்போதும் ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது.

பளிச்சி ஒருநாள் தன் கூட்டத்தோடு தணலனிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, மின்னி நல்லவ. அவளை ஒரு குறை சொல்ல முடியாது."

"முடியாது, முடியாது" என்றது கூட்டம்.

"ஆனா எங்களால நீந்த முடியல. எங்க குட்டித்தட்டு நேத்து அவ வால்ல அடிபட்டு ஒரு பொழுது மயங்கிக் கிடந்துச்சு. இவ இவ்வளவு பெருசா வருவான்னு நீங்க கேட்டுக்கிடலியா?"

"நீ கேட்டியா?" என்று தணலன் எரிந்து விழுந்தான்.

"நான் பல்லைக் கேட்டேன்" என்றாள் பளிச்சி. அவள் குரல் இறங்கிவிட்டது.

அவர்கள் போன பிறகு தணலன் மின்னியிடம் போனான். அவள் தொட்டியின் ஒரு மூலையில், உடம்பை வளைத்து, கூடுமானவரை சின்னதாகத் தெரிய முயன்றுகொண்டிருந்தாள்.

"மின்னி, நீ இன்னும் வளருவியா?"

"தெரியல, அண்ணாச்சி."

"உங்க அம்மா எவ்வளவு பெருசு?"

மின்னி மேலே பார்த்தாள். "நான் முட்டையில இருந்து வந்தப்ப ஒருக்கா மேல நிழல் விழுந்துச்சு. மேகம்னு நெனச்சேன். அதுதான் அம்மான்னு சொன்னாங்க."

தணலன் பதறினான். "இதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீங்க கேக்கலியே!" என்றாள் அவள். குறை சொல்லும் குரல் இல்லை. "நானும் நெனச்சுப் பாக்கல. அன்னிக்கு நான் சின்னதுல்லா? எப்பவும் சின்னதாவே இருப்பேன்னு நெனச்சுட்டேன்."

அடுத்த நாளிலிருந்து மின்னி சாப்பிடவில்லை.

உருண்டைகள் அவள் முன்னால் விழுந்தன. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. உருண்டைகள் மணலில் போய்ப் படுத்துக்கொண்டன. தணலன் தன் உருண்டையையும் அவள் பக்கம் தள்ளினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உடம்புக்குச் சொகமில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். சாப்பிடாட்டா வளரமாட்டேன்லா? வளராட்டா இங்கயே இருந்துரலாம். பசி பழகிரும், அண்ணாச்சி."

'எனக்குன்னு ஒண்ணும் வேண்டாம்' என்று அன்று பைக்குள் இருந்து அவள் சொன்னதைத் தணலன் தேன் போலக் குடித்தானே, அந்த வார்த்தை இப்போது தொண்டையில் முள்ளாக நின்றது.

அவள் மெலிந்தாள். ஆனால் நீளம் குறையுமா? எலும்பும் தோலுமாக, நீட்டமாகக் கிடந்தாள். இருதயராஜ் பதறிப்போய், நோய் என்று நினைத்து, நீல மருந்தைத் தொட்டியில் ஊற்றினார். தண்ணீர் முழுக்க நீலமானது. வெள்ளித்தட்டுகள் நீலத்தட்டுகள் ஆயின. பாசியப்பனின் பாசியும் நீலமானது. மின்னி மட்டும் அப்படியேதான் இருந்தாள். அவளுக்கு வேண்டியது இடம். அது எந்தக் குப்பியிலும் வருவதில்லை.

"இவுகளுக்கு ஏன் புரிய மாட்டேங்குது?" என்று தணலன் பாசியப்பனிடம் புலம்பினான். "அவளை வேற தண்ணிக்குக் கொண்டு போனாப் பிழைச்சிருவா. அதை நான் எப்படிச் சொல்ல?"

பாசியப்பன் எரிச்சலோடு வாயை எடுத்தான். "ஏல தணலா, நீ என்ன பேசினாலும் வெளிய நிக்கவங்களுக்குக் குமிழிதான் தெரியும். உன்கிட்ட அவங்களுக்குப் புரியுதது ஒண்ணே ஒண்ணு. உன் மூக்கு. என்னைத் திங்கவிடு!"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். தணலன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

முட்டினால் பை வெளியே போகும். அந்தத் தொட்டியில் அது மாறாத வழக்கம். வரிச்சியை அப்படித்தான் வெளியே அனுப்பினான். மின்னியையும் அப்படித்தான் அனுப்ப முடியும். ஆனால் மின்னியை முட்டுவதா? இவளையா? அவன் தொட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீந்தினான். அவளிடம் முன்னாலேயே சொல்லிவிடலாமா என்று யோசித்தான். சொன்னால் அவள் போகமாட்டாள். இன்னும் சுருண்டுகொண்டு, இன்னும் பட்டினி கிடப்பாள். நடிக்கவும் அவளுக்குத் தெரியாது.

காலையில் இருதயராஜ் காபித் தம்ளரோடு தொட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

தணலன் திட்டுகளைச் சிவக்க வைத்துக்கொண்டு பாய்ந்தான். மின்னியின் விலாவில் முட்டினான்!

மின்னி அதிர்ந்துபோனாள். ஆனால் ஓடவில்லை. கொஞ்சம் ஒதுங்கி அவனுக்கு வழி விட்டாள். "இடம் பத்தலையா, அண்ணாச்சி? இன்னும் ஒதுங்கிக்கிடுதேன்" என்றாள்.

அவன் மறுபடி முட்டினான்.

"மூக்கு வலிக்கப் போகுது உங்களுக்கு!" என்றாள் அவள்.

அந்தச் சொல்லோடு அவன் முட்டுவதை நிறுத்தியிருப்பான். ஆனால் நிறுத்தினால் அவள் செத்துப்போவாள். வாலைக் கடித்தான். துடுப்பைப் பிடித்து இழுத்தான். மீனுக்குக் கண்ணீர் உண்டா இல்லையா என்று தண்ணீருக்குள் யாரால் சொல்ல முடியும்? ஆனால் தணலன் அன்று அழுதுகொண்டேதான் முட்டினான்.

"பிலோமி! ஓடியா! தணலன் அதைக் கொல்லப் பாக்கான்!"

பிலோமி அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "அட பாவி! ஒண்ணும் மண்ணுமா இருந்தீங்களேடா! ஏங்க, அதை இனிமே இங்க வைக்க வேண்டாம். ஏரல் ஊர்ல எங்க அண்ணன் தோட்டத்துல வாழைக்குப் பாய்ச்ச சிமெண்டுத் தொட்டி கட்டியிருக்காருல்லா? கிணத்தடியில அம்புட்டு நீளத்துக்குக் கெடக்கு. அங்க கொண்டு விட்டுருங்க."

"அவனைப் பாரு, எப்படி மூச்சு வாங்குதான்! பொல்லாத பய!" என்று இருதயராஜ் கண்ணாடியில் விரலால் தட்டினார்.

தணலன் அந்த வசவைத் தலை குனிந்து வாங்கிக்கொண்டான்.

மின்னி எந்த வலைக்குள்ளும் அடங்கவில்லை. கடைசியில் ஒரு பெரிய பாலிதீன் பையைத் தொட்டிக்குள்ளேயே இறக்கி, அவளை அதற்குள் ஓட்டினார்கள். கொஞ்ச நேரம் அந்தப் பை தண்ணீரில் அப்படியே நின்றது. அவள் வந்த அன்று மிதந்த அதே இடம்தான். அன்று பைக்குள் விரல் நீளம்கூட இல்லை. இன்று பை முழுக்க அவள்தான் இருந்தாள்.

தணலன் பக்கத்தில் போனான். இப்போது திட்டுகள் வெளுத்திருந்தன.

"நான் என்ன தப்புச் செஞ்சேன், அண்ணாச்சி?" என்று அவள் கேட்டாள்.

"நீ ஒரு தப்பும் செய்யல. தப்புச் செஞ்சவன் நான். உன்னைக் கேக்க வேண்டியதைக் கேக்காம, எனக்குப் பிடிச்சதை மட்டும் கேட்டு உள்ள விட்டேன். நீ போற இடம் பெருசு. இங்க இருந்தா நீ பிழைக்கமாட்ட. அதுக்குத்தான் முட்டினேன். எனக்கு வேற பாஷை தெரியாது, மின்னி."

மின்னி அவனையே பார்த்தாள். பையின் சுருக்கங்களுக்குள்ளே அவள் மீசை மெல்ல அசைந்தது.

"அப்ப," என்றாள் தயங்கித் தயங்கி, "அங்க போயி நான் சாப்பிடலாமா?"

"வயிறு நிறையச் சாப்பிடு!" என்றான் தணலன். "எவ்வளவு வளரணுமோ அவ்வளவு வளரு!"

இருதயராஜ் பையைத் தூக்கினார். தண்ணீர் மட்டம் சடாரென்று இறங்கியது. அவ்வளவு இடத்தை அவள் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதன் பிறகு தொட்டியில் எல்லோரும் தாராளமாக நீந்தினார்கள். யாரும் உரிந்து விழவில்லை. பூந்தொட்டி உருளவில்லை. ஆனாலும் குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் தணலன் திடுக்கிட்டு, காலியாகக் கிடந்த நடுத்தண்ணீரைத் திரும்பிப் பார்த்தான்.

வெளியே அவனுக்குப் பொல்லாதவன் என்ற பெயர் நிலைத்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் பிலோமி அப்படித்தான் சொன்னாள். அவன் அதை மறுக்கவில்லை. மறுத்தாலும் குமிழிதானே தெரியும்!

ஒருநாள் பிலோமி போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். "என்னண்ணே சொல்லுதிய? தென்னமட்டை நீளமா? திரும்பினாக்க தண்ணி கரையேறி வருதா? போடுததை எல்லாம் திங்காளா? இங்க இருந்தப்ப ஒரு பருக்கை தொடலியே!"

தணலன் அன்று குமிழி விடும் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தான். வெள்ளித்தட்டுகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவனுக்குக் கிறுக்குத் திரும்பிவிட்டது என்று பேசிக்கொண்டன.

அவன் மறுபடி நிழலோடு பேசத் தொடங்கியதைப் பார்த்து, பிலோமியின் மனசு இளகியது. "இன்னும் ஒரே ஒரு தடவை பாப்போமே" என்றாள்.

"இவனை நம்பியா?" என்று இருதயராஜ் முணுமுணுத்தார். ஆனாலும் பை வந்தது.

பைக்குள் கறுப்பு வரிகள். ஒரு பக்கம் கிழிந்த துடுப்பு. சிரிப்பில்லாத முகம். கிழிந்த துடுப்போடு முறைத்துக்கொண்டு நின்றவளை இத்தனை நாளாகக் கடையில் யாரும் வாங்கவில்லை.

"மறுபடியும் நீயா!" என்றாள் வரிச்சி. "சரி, முட்டு. முட்டிட்டுச் சீக்கிரம் அனுப்பு."

இருதயராஜ் பையைத் தூக்கத் தயாராகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். தணலன் மெதுவாக மேலே வந்தான். பளிச்சி பல்லைப் பற்றிக் கேட்க வாயெடுத்தாள். அவன் அவளை நிறுத்தினான்.

"வரிச்சி, நீ எவ்வளவு பெருசா வளருவ?"

அவள் ஒரு கணம் திகைத்தாள். "ஒரு உள்ளங்கை அளவு. அதுக்குமேல எங்க சாதியில யாரும் வளந்ததில்ல. போன தடவை இதைக் கேக்கலியே?"

"போன தடவை நான் மடையனா இருந்தேன்."

"இப்ப?"

"கொஞ்சம் கம்மி."

வரிச்சியின் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. சிரிப்பென்று சொல்ல முடியாது. "அந்த மூலை எனக்கு வேணும்ங்கிறதுல மாத்தம் இல்ல. வந்தா விரட்டுவேன்" என்றாள்.

"தெரியும். பூந்தொட்டியை நிமித்தி வச்சிருக்கேன்" என்றான் தணலன்.

அவன் முட்டவில்லை. இருதயராஜ் முடிச்சை அவிழ்த்தார். வரிச்சி யாரையும் பார்க்காமல் நேராகத் தன் மூலைக்குப் போனாள். பூந்தொட்டிக்குள் நுழைந்து, ஒரு தடவை சுற்றிப் பார்த்து, தாராளமாகத் திரும்பி, வாசலில் வந்து நின்றாள்.

யாரையும் நம்மோடு சேர்த்துக்கொள்ளும் முன்னால், அவர்கள் முழுதாக வளர்ந்து நிற்கும் நாளில் அவர்களுக்கு உடம்பைத் திருப்பவாவது நம்மிடம் இடம் இருக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.